மூன்றாண்டுப் போரும் பதினோராண்டுத் தொடரும்: ‘மேஷ்’ தொலைக்காட்சித் தொடரில் கால, இட வழுக்கள்

கொரியப் போர் 1950ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் மூண்டு, 1953ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாட்டுடன் ஓய்ந்தது. முப்பத்தேழு மாதப் போர் அது. அப்போர்க்களத்தில் இயங்கிய அமெரிக்க நடமாடும் அறுவை மருத்துவமனை ஒன்றைக் களமாகக் கொண்டு எழுந்த ‘மேஷ்’ என்னும் தொலைக்காட்சித் தொடர், 1972 செப்டம்பர் 17 முதல் 1983 பிப்ரவரி 28 வரை பதினொரு பருவங்களாக அமெரிக்காவின் சிபிஎஸ் வலையமைப்பில் ஒளியேறியது. போரைவிட மும்மடங்குக்கு மேலாகத் தொடர் நீண்டது. இந்த ஒரு கணக்கே தொடரின் பெரும்பாலான வழுக்களுக்கு வித்தாயிற்று.

தொலைக்காட்சித் தொடர்களில் காணப்படும் பிழைகளைத் தொகுப்பது நெடுங்காலமாகப் பார்வையாளரிடையே ஒரு பொழுதுபோக்காக இருந்து வருகிறது. ஒரு காட்சியில் நிறைந்திருந்த கோப்பை அடுத்த நொடியில் வெறுமையாக இருப்பதும், வலக்கையில் இருந்த சிகரெட் இடக்கைக்கு மாறியிருப்பதும் இத்தகைய தொகுப்புகளில் மலிந்து கிடக்கும். இவற்றைப் பற்றி நாம் அதிகம் பேசப்போவதில்லை. ‘மேஷ்’ ஒரே கேமராவைக் கொண்டு படமாக்கப்பட்ட தொடர். ஒரே உரையாடலை ஒரு கோணத்தில் எடுத்து, விளக்குகளை மாற்றியமைத்து, மறுகோணத்தில் மீண்டும் எடுத்து, பின்னர் படத்தொகுப்பாளர் இரண்டையும் வெட்டி ஒட்டுவார். ஒரு நிமிடக் காட்சிக்குப் பின்னால் பல மணிநேர உழைப்பு இருக்கும். காட்சித் தொடர்ச்சியைக் குறித்து வைப்பதற்கென்றே ஒருவர் படப்பிடிப்புத் தளத்தில் அமர்ந்திருந்தாலும், கோப்பையின் நீர்மட்டம் சில வேளைகளில் அவரை ஏமாற்றிவிடும். அதனால் கதைக்கு ஊறு ஒன்றும் இல்லை.

கதைக்கே ஊறு செய்யும் வழுக்கள் வேறு. அவற்றைப் பகுத்துக் காண நம் இலக்கண மரபு நல்ல கருவிகளைத் தந்திருக்கிறது. நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களுள் ஒன்று மாறுகொளக் கூறல். முன் சொன்னதற்கு மாறாகப் பின் சொல்லுதல். தண்டியலங்காரம் இதனினும் நுட்பமாக இடமலைவு, காலமலைவு, உலகமலைவு முதலான பிரிவுகளைக் காட்டுகிறது. வழு எது என்று சொன்ன மரபே, எந்த நிலையில் அது அமைதி பெறும் என்றும் சொல்லியிருக்கிறது. புலவன் திறத்தால் மலைவும் குணமாகலாம் என்பது தண்டியாசிரியர் வழிவந்த கருத்து. ‘மேஷ்’ தொடரின் வழுக்களில் எவை அமைதி பெறும், எவை பெறா என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் வினா.

காலமலைவு

தொடரின் மூலம் 1968இல் ரிச்சர்ட் ஹூக்கர் என்னும் புனைபெயரில் வெளிவந்த நாவல். அதனை எழுதியவர் கொரியாவில் அத்தகைய மருத்துவமனையில் பணிபுரிந்த அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஹார்ன்பெர்கர். 1970இல் ராபர்ட் ஆல்ட்மன் அதனைத் திரைப்படமாக்கினார். அதன்பின் லேரி கெல்பார்ட் தொலைக்காட்சிக்கு ஏற்ப வடிவமைக்க, ஜீன் ரெனால்ட்ஸ் தயாரித்தார். முதல் மூன்று பருவங்களில் முகாமின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஹென்றி பிளேக். மூன்றாம் பருவத்தின் இறுதியில், 1975 மார்ச் 18 அன்று ஒளிபரப்பான பகுதியில், அவர் ஏறிச்சென்ற விமானம் ஜப்பான் கடலின்மேல் சுட்டு வீழ்த்தப்பட்டதாகச் செய்தி வருகிறது. அடுத்த பருவத்தில் கர்னல் ஷெர்மன் பாட்டர் பொறுப்பேற்கிறார். அவர் முகாமுக்கு வந்து சேரும் நாளாகத் தொடர் குறிப்பிடுவது 1952 செப்டம்பர் 19.

இந்த ஒரு தேதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கணக்கிடுவோம். போர் தொடங்கிய நாள்முதல் பாட்டர் வரும்வரை இருபத்தேழு மாதங்கள். அவை மூன்று பருவங்களில், 72 பகுதிகளில் அடங்கிவிட்டன. பாட்டர் வந்தபின் போர் முடிய எஞ்சியிருப்பவை பத்தே மாதங்கள். அந்தப் பத்து மாதங்களுக்குள் எட்டுப் பருவங்களும், ஏறத்தாழ நூற்றெண்பது பகுதிகளும் நடந்தேற வேண்டும். அந்தப் பத்து மாதத்தில் வரக்கூடிய கிறிஸ்துமஸ் ஒன்றே ஒன்று, 1952ஆம் ஆண்டினது. ஆனால் பாட்டர் தலைமையில் முகாமினர் 1978, 1980, 1981 ஆகிய ஆண்டுகளின் டிசம்பரில் ஒளிபரப்பான மூன்று பகுதிகளில் மூன்று வெவ்வேறு கிறிஸ்துமஸ்களைக் கொண்டாடுகின்றனர். பாதிரியார் மல்கேகி தம் தங்கைக்குக் கடிதம் எழுதும் கிறிஸ்துமஸ் ஒன்று. சாகக் கிடக்கும் ஒரு வீரனைக் காக்கப் போராடும் கிறிஸ்துமஸ் மற்றொன்று. மறுநாள் அதிகாரிகளும் சிப்பாய்களும் வேலைகளை மாற்றிக்கொள்ளும் கிறிஸ்துமஸ் பிறிதொன்று.

மூன்றாம் பருவத்தில், 1975 பிப்ரவரியில் வந்த ஒரு பகுதியில், தளபதி மெக்ஆர்தர் முகாமுக்கு வருகிறார் என்று எல்லாரும் பரபரப்படைகின்றனர். மெக்ஆர்தரை அதிபர் ட்ரூமன் 1951 ஏப்ரல் 11 அன்று பதவியிலிருந்து நீக்கிவிட்டார். ஆகவே அந்தப் பகுதி அதற்கு முன்னரே நடந்திருத்தல் வேண்டும். அதன்பின் சில பகுதிகளிலேயே பிளேக் இறக்கிறார். உடனே பாட்டர் வருகிறார். நாள்காட்டியோ 1952 செப்டம்பரைக் காட்டுகிறது. இடையில் குறைந்தது பதினேழு மாதங்கள் காணாமற் போயின.

கதையில் வரும் தேதியைக் கொண்டு காலத்தை நிறுவ முற்படுவது எத்துணை இடர்ப்பாடு உடையது என்பது தமிழாய்வாளர் அறியாதது அன்று. சிலப்பதிகாரத்தில் மதுரை எரியுண்ட நாளைப் பற்றிய திங்கள், பக்கம், கிழமைக் குறிப்புகளைக் கொண்டு எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 756 எனக் கணித்ததும், அது கயவாகு மன்னன் காலத்தோடு பொருந்தாமையால் எழுந்த விவாதமும் நினைவுகூரத்தக்கன. கதை தரும் தேதி கதையின் தேவைக்காகத் தரப்படுவது. பாட்டரின் வருகைத் தேதியும் அத்தகையதே. புதிய தலைவர் வந்தார் என்பதற்கு இராணுவ அறிவிப்பின் மிடுக்கைத் தருவதற்காக எழுத்தாளர்கள் நாள், திங்கள், ஆண்டு மூன்றையும் சேர்த்துச் சொல்லவைத்தனர். இன்னும் எட்டு ஆண்டுகள் அத்தேதியைச் சுமக்க வேண்டியிருக்கும் என்று அவர்கள் கருதியிருக்க மாட்டார்கள்.

பெயரும் உறவும்

மாறுகொளக் கூறலுக்குத் தொடரில் பஞ்சமில்லை. தலைமை மாந்தரான ஹாக்கை பியர்ஸ் முதற்பருவத்தில் தந்தைக்கு எழுதும் கடிதத்தில், தாய்க்கும் தங்கைக்கும் தம் அன்பைத் தெரிவிக்கச் சொல்கிறார். பின்னைய பருவங்களில் அவர் உடன்பிறப்பில்லாத ஒற்றைப் பிள்ளை. தாயோ அவரது பத்தாம் வயதிலேயே இறந்துவிட்டார். பிளேக்கின் மனைவி தொடக்கத்தில் மில்ட்ரெட், பிறகு லொரெய்ன். அவருக்குப்பின் வந்த பாட்டரின் மனைவிக்கும் மில்ட்ரெட் என்றே பெயர் வைத்தனர். மனநல மருத்துவர் ஃபிரீட்மன் முதன்முதலில் தோன்றியபோது மில்டன். அடுத்த வருகையிலிருந்து சிட்னி. பாதிரியார் மல்கேகியை முன்னோட்டப் பகுதியில் ஜார்ஜ் மார்கன் நடித்தார். அடுத்து வந்தவற்றில் வில்லியம் கிறிஸ்டஃபர் நடித்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை.

இவற்றுள் சுவையானது ஹாரி மார்கனின் வருகை. 1974 செப்டம்பரில் மூன்றாம் பருவத்தின் முதற்பகுதியில் மனநிலை பிறழ்ந்த தளபதி ஒருவராக அவர் நடித்தார். அந்நடிப்பு தயாரிப்பாளர்களைப் பெரிதும் கவர்ந்தது. மறு ஆண்டே அவரைக் கர்னல் பாட்டராக அழைத்துக்கொண்டனர். ஓராண்டு முன்பு அதே முகாமில் அதே முகத்தைக் கண்டு திகைத்த ஹாக்கை, புதிய தலைவரின் முகத்தில் பழைய தளபதியைக் காண்பதே இல்லை. நம் கூத்து மரபில் ஒருவரே பல வேடம் புனைவது இயல்பு. அதனைப் பார்வையாளர் பிழையாகக் கொள்வதில்லை. ஆகவே இதனை வழு என்று சொல்வதற்கே நாம் தயங்குகிறோம்.

இத்தகைய முரண்கள் நேர்வதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டுமன்று. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு தொலைக்காட்சிப் பகுதி என்பது ஓர் இரவில் தோன்றி, கோடையில் ஒருமுறை மறு ஒளிபரப்பாகி, பின்னர் மறைந்துவிடும் பொருள். வீட்டில் பதிவுசெய்து வைக்கும் கருவிகள் பரவலானதே 1975க்குப் பின்புதான். சென்ற ஆண்டு பிளேக்கின் மனைவி பெயர் என்ன என்று பார்வையாளர் நினைவில் வைத்திருக்க வாய்ப்பில்லை. எழுத்தாளருக்கும் அதனைத் தேடிப்பார்க்கும் கட்டாயம் இல்லை. போதாக்குறைக்கு எழுத்தாளரே மாறிக்கொண்டிருந்தனர். நான்காம் பருவத்தோடு கெல்பார்ட் விலகினார்; ஐந்தாம் பருவத்தோடு ரெனால்ட்ஸ் விலகினார்; அதன்பின் தயாரிப்புப் பொறுப்பு பர்ட் மெட்காஃப் வசம் வந்தது. ஹாக்கையின் தாயை உயிரோடு வைத்திருந்தவர்கள் வேறு. அவரைச் சாகவைத்தவர்கள் வேறு.

1979இல் ‘மேஷ்’ உள்ளூர் நிலையங்களுக்கு விற்கப்பட்டு அன்றாடம் மறு ஒளிபரப்பாகத் தொடங்கியது. வாரத்துக்கு ஒன்றாகப் பார்த்ததை இப்போது நாளுக்கு ஒன்றாகப் பார்க்கலாயினர். மூன்று ஆண்டு இடைவெளியில் சொல்லப்பட்ட இரண்டு பெயர்கள் சில வாரங்களுக்குள் காதில் விழுந்தன. அப்போதுதான் முரண்கள் முரண்களாகத் தெரிந்தன. தொடர் அப்படியே இருக்க, பார்க்கும் முறை மாறியதால் வழு பிறந்தது. ஓலைச்சுவடியில் தனித்தனியே கிடந்த பாடல்கள் ஒரே பதிப்பாக அச்சேறியபின் பாடவேறுபாடுகள் பெருஞ்சிக்கலாகத் தோன்றியதை ஒத்த நிலை எனலாம்.

இடமலைவு

தொடரின் வெளிப்புறக் காட்சிகள் கலிஃபோர்னியாவில், மாலிபு மலைப்பகுதியில் இருந்த ஃபாக்ஸ் நிறுவனத்தின் பண்ணை நிலத்தில் எடுக்கப்பட்டன. உட்புறக் காட்சிகளும் பல இரவுக் காட்சிகளும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள அந்நிறுவனத்தின் ஒன்பதாம் எண் அரங்கில் எடுக்கப்பட்டன. கூடாரத்தின் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வெளியேறினால், பகலாயின் மலைச்சாரலிலும் இரவாயின் வரைந்த திரையின் முன்னும் வந்து நிற்பார். பகல்வெளியில் குரல் காற்றில் கரையும். அரங்கின் இரவில் அதே குரல் சுவரில் மோதித் திரும்பும். கூர்ந்து கேட்போர் இதனை உணரலாம்.

கொரியக் குளிர்காலத்தின் கொடுமை அப்போரில் கலந்துகொண்டோர் அனைவரும் பேசுவது. வெப்பநிலை உறைநிலைக்கு மிகக் கீழே போகும். மாலிபுவிலோ மஞ்சள் புல்லும் வறண்ட புதர்களும் வெயிலில் காய்ந்து கிடக்கும். அந்த வெயிலில் நடிகர்கள் தடித்த குளிரங்கியை மாட்டிக்கொண்டு கைகளைத் தேய்த்து நடுங்குவதாக நடித்தனர். தொடரின் எழுத்தாளர்களுள் ஒருவரான கென் லெவைன் பிற்காலத்தில் கூறிய செய்தி ஒன்று உண்டு. நடிகர்கள் கதையுரையைப் பற்றி அளவுக்கு மீறிக் குறைகூறியதால், அவர்களைப் பழிவாங்கவே கடுங்குளிர்க் கதை ஒன்றை எழுதி, கொதிக்கும் வெயிலில் குளிரங்கியோடு நிற்கவைத்தார்களாம். இடமலைவுக்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று எந்த இலக்கண ஆசிரியரும் நினைத்திருக்க மாட்டார்.

ஆடவரின் தலைமுடியும் இவ்வகையில் சேரும். 1950ஆம் ஆண்டுகளின் இராணுவத்தில் காதை மூடும் முடிக்கு இடமில்லை. ஹாக்கையின் முடியும், பிற்பருவங்களில் பி.ஜே. ஹனிகட் வளர்த்த மீசையும் எழுபதுகளுக்கு உரியவை. இதனைப் பிழைப்பட்டியலில் சேர்ப்போர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தொடர் தொடங்கிய 1972இல் அமெரிக்கா வியட்நாமில் போரிட்டுக்கொண்டிருந்தது. பிளேக் இறந்த பகுதி ஒளிபரப்பான ஆறாம் வாரத்தில், 1975 ஏப்ரல் 30 அன்று, சைகோன் வீழ்ந்தது. கொரியா என்ற பெயரில் வியட்நாமைப் பேசுவதே படைப்பின் உள்நோக்கம் என்பதைத் திறனாய்வாளர் பலரும் ஒப்புக்கொள்வர். ஆல்ட்மனின் திரைப்படத்தில் கொரியா என்ற சுட்டு அறவே குறைக்கப்பட்டமையால், தயாரிப்பு நிறுவனம் தொடக்கத்தில் எழுத்துக் குறிப்பு சேர்த்தே களத்தை அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த முடி வியட்நாம் காலத்து முடி. அது காலமலைவே ஆயினும், பொருள் தருவதால் அமைதி பெறுகிறது.

1951ஆம் ஆண்டுப் புத்தாண்டு

1980 டிசம்பர் 29 அன்று ஒளிபரப்பான ஒரு பகுதியைப் பிழை தொகுப்போர் அனைவரும் சுட்டிக்காட்டுவர். அது 1950ஆம் ஆண்டின் கடைசி இரவில் தொடங்கி, 1951ஆம் ஆண்டு முழுவதையும் கடந்து, அடுத்த புத்தாண்டு இரவில் முடிகிறது. புத்தாண்டு விருந்தில் முதுமைக் காலத்தின் உருவாக வேடமிட்டு நிற்பவர் கர்னல் பாட்டர். 1952 செப்டம்பரில் வந்து சேர வேண்டியவர். அவருக்கும் பின்னால் வந்த வின்செஸ்டரும் அங்கு இருக்கிறார். வெளிப்படையான முரண்தான்.

ஆயினும் அதே பகுதி பிறிதொரு வகையில் வரலாற்றை நுணுக்கமாகப் பின்பற்றுகிறது. கிளிங்கரின் பேச்சைக் கேட்டு வின்செஸ்டர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின்மேல் பந்தயம் கட்டுகிறார். பெரும் முன்னிலையில் இருந்த அவ்வணி 1951 அக்டோபர் 3 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியிடம் தோற்றது உண்மை வரலாறு. அமெரிக்கர் யாவரும் அறிந்தது. அந்தப் பந்தயத்துக்காகவே எழுத்தாளர்கள் 1951ஐத் தேர்ந்தெடுத்தனர் என்று ஊகிக்க இடமுண்டு.

நம்மை உறுத்துவது பாட்டரின் இருப்பு அன்று. தொடர் தன் முகாமைச் சோல் நகருக்கு வடக்கே உய்ஜொங்பு என்னும் ஊரின் அருகில் வைக்கிறது. 1950 டிசம்பர் 31 அன்று, அதாவது பாட்டர் கோப்பையை உயர்த்தும் அதே இரவில், சீனப் படைகளும் வடகொரியப் படைகளும் தங்கள் பெருந்தாக்குதலைத் தொடங்கின. சில நாள்களில் உய்ஜொங்புப் பகுதி அவர்கள் கைக்குப் போயிற்று. 1951 ஜனவரி 4 அன்று சோல் வீழ்ந்தது. கடுங்குளிரில் இலட்சக்கணக்கான மக்கள் தெற்கு நோக்கி நடந்தனர். மார்ச் நடுப்பகுதியில்தான் சோல் மீண்டும் ஐக்கிய நாடுகள் படையின் வசமானது. ஒன்பது மாதங்களுக்குள் அந்நகரம் நான்கு முறை கைமாறியிருந்தது. அந்த இடத்தில், அந்த ஆண்டில், தொடரின் முகாமினர் அமைதியாகப் பருவங்களைக் கழிக்கின்றனர். பாதிரியார் மக்காச்சோளம் விதைத்து, வளர்த்து, அறுவடை செய்கிறார். சமையற்காரர் அதனை மசித்துக் கூழாக்கிவிட்டதுதான் அவருக்கு நேர்ந்த பேரிழப்பு.

போர்முனை ஓரளவு நிலைகொண்டது 1951 ஜூலை 10இல் அமைதிப் பேச்சு தொடங்கியதற்குப் பிறகே. ஒரே இடத்தில் விதைத்து அறுக்கும் கதையை 1952இல் வைத்திருந்தால் குற்றம் இராது. முதலாண்டில் அத்தகைய மருத்துவமனைகள் தம் பெயருக்கு ஏற்ப இடம்பெயர்ந்துகொண்டே இருந்தன. பேஸ்பால் பந்தயத்தின் முடிவை அமெரிக்கப் பார்வையாளர் அறிவர். அதனால் எழுத்தாளர் அதனைச் சரியாக எழுதினர். சோல் வீழ்ந்த நாளைப் பார்வையாளர் அறியார். அதனால் எழுத்தாளரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. பிழை தேடியோரும் பாட்டரின் முகத்தைப் பார்த்தார்களே அன்றி நிலப்படத்தைப் பார்க்கவில்லை. எந்தப் பிழை கண்ணுக்குப் படுகிறது, எது படுவதில்லை என்பதே பார்ப்பவர் யார் என்பதைக் காட்டிவிடுகிறது.

இதே நோக்கில் நடிகர் தேர்வையும் காணலாம். முகாமின் ஏவலாளனாகத் தொடக்கத்தில் வரும் கொரிய இளைஞன் ஹோ-ஜானாக நடித்தவர் ஃபிலிப்பீன்ஸில் பிறந்த பேட்ரிக் அடியார்டே. தென்கொரியப் படை அதிகாரியாக வந்த பேட் மொரிட்டா ஜப்பானிய அமெரிக்கர். பல பகுதிகளில் பல வேடங்களில் வந்த மாக்கோ ஜப்பானில் பிறந்தவர். முகாமின் எதிரே மதுக்கடை நடத்தும் ரோஸி என்னும் கொரியப் பெண்ணாக ஒருவர் பின் ஒருவராக மூன்று நடிகையர் தோன்றினர். கொரியாவில் பிறந்த சூன்-டெக் ஓ பல பகுதிகளில் வந்தார். அவரும் வெவ்வேறு வேடங்களிலேயே வந்தார். ஹாரி மார்கன் இரு வேடம் பூண்டதைப் பிழைப்பட்டியல்கள் மறவாமல் குறிக்கின்றன. மாக்கோவும் சூன்-டெக் ஓவும் பல வேடம் பூண்டதை அவை அதே முனைப்போடு குறிப்பதாகத் தெரியவில்லை. ஆசிய முகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கலாம் என்ற எண்ணம் எழுதியோரிடமும் இருந்தது, தேடியோரிடமும் இருந்தது. தண்டியாசிரியர் மரபில் இதனை உலகமலைவு எனலாம். இதற்கு எந்த அமைதியும் கூற நமக்கு மனம் வரவில்லை. பல இலட்சம் கொரியர் மடிந்த போர் அது.

கடிகாரமும் நெருப்பும்

நாள்காட்டியை மதியாத இத்தொடர் கடிகாரத்தை மிக மதித்தது என்பது வியப்புக்குரியது. 1979 நவம்பரில் வந்த ஒரு பகுதியில் திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பெருந்தமனி கிழிந்த வீரன் ஒருவனுக்கு இருபது நிமிடத்துக்குள் குருதியோட்டத்தைச் சீர்செய்ய வேண்டும். தவறினால் கால்கள் செயலிழக்கும். கதை நேரமும் பார்வை நேரமும் ஒன்றாகவே நகர்கின்றன. ஆண்டுகளில் பொய் சொன்ன தொடர் நிமிடங்களில் உண்மை சொல்கிறது.

மேலே நாம் சுட்டிய 1980ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் பகுதி இதற்கு மறுதலை. தலையில் குண்டு பாய்ந்த வீரன் பிழைக்கமாட்டான் என்பது உறுதி. தந்தை இறந்த நாள் கிறிஸ்துமஸ் என்ற நினைவு அவனுடைய பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டாம் என்று நள்ளிரவு கடக்கும்வரை அவனை உயிரோடு வைத்திருக்க ஹாக்கையும் ஹனிகட்டும் செவிலித் தலைவி மார்கரெட்டும் போராடுகின்றனர். முடியவில்லை. ஹாக்கை சுவர்க்கடிகாரத்தின் முள்ளை நள்ளிரவுக்கு அப்பால் நகர்த்துகிறார். டிசம்பர் 26 என்று இறப்பு பதிவாகிறது. கிறிஸ்துமஸ்களை எண்ணிக் கணக்குப் பிசகுவதைக் காட்டும் ஆய்வாளன், அந்தப் பிசகின் நடுவே கதைமாந்தர் வேண்டுமென்றே செய்த இக்காலமலைவின் முன் சற்று வாயடைத்து நிற்க வேண்டியவனாகிறான். மூன்று கிறிஸ்துமஸ்களை ஏற்பது இப்பகுதிக்காகவேனும் தகும் என்பது எம் கருத்து.

1982 அக்டோபரில் மாலிபு மலைகளில் பரவிய காட்டுத்தீ வெளிப்புற முகாமைப் பெரும்பாலும் எரித்துவிட்டது. இறுதிப் பகுதியின் படப்பிடிப்பு முற்றுப்பெறாத நேரம். முகாமை மீண்டும் எழுப்பி, எரிந்த மலையை மறைத்து எடுத்திருந்தால், கூர்ந்த கண்களுக்கு ஒரு நூறு பிழைகள் கிடைத்திருக்கும். எழுத்தாளர்கள் தீயைக் கதைக்குள் கொண்டுவந்தனர். தீக்குண்டுகளால் மூண்ட நெருப்பு முகாமை நோக்கி வருகிறது; முகாம் இடம்பெயர்கிறது. திரையில் தெரியும் கரிந்த சரிவுகள் உண்மையிலேயே கரிந்தவை. விபத்து ஒன்று வழுவாக மாறாமல் காட்சியாக மாறிய அரிய நிகழ்வு இது.

1983 பிப்ரவரி 28 அன்று இரண்டரை மணிநேரம் ஓடிய அந்த இறுதிப் பகுதியை அமெரிக்காவில் சுமார் 10 கோடியே 60 இலட்சம் பேர் பார்த்தனர். பல ஆண்டுகள் பெண்ணுடை தரித்துப் பைத்தியம்போல் நடித்து இராணுவத்திலிருந்து விடுபட முயன்ற கிளிங்கர், போர் முடிந்தபின் கொரியாவிலேயே தங்கிவிடுகிறார். அவர் மணக்கும் சூன்-லீ, அகதிகளின் கூட்டத்தில் தொலைந்த தன் பெற்றோரைத் தேடுவதற்காக அங்கிருந்து நகர மறுக்கும் பெண். 1951 ஜனவரியில் தொடர் காட்டாமல் விட்ட அந்த மக்கள்திரள், முப்பது மாதம் பிந்தி, ஒரு பெண்ணின் தேடலாக உள்ளே நுழைகிறது. அவளாக நடித்தவர் ரோசலிண்ட் சாவ், சீன அமெரிக்கர்.

அறுவைக் கூடத்தில் மருத்துவர்கள் கையுறையோடு குனிந்து நிற்கையில், வானொலியில் செய்தியாளர் ராபர்ட் பியர்பாயின்ட்டின் குரல் போர்நிறுத்தத்தை அறிவித்து, போரின் இழப்புகளை எண்களாக வாசிக்கிறது. அவர் சிபிஎஸ் நிறுவனத்தின் உண்மையான செய்தியாளர். தம் பெயரிலேயே பேசுகிறார். வானொலி அறிவிப்பது 1953 ஜூலை 27. அந்தத் தேதியில் பிழை இல்லை.